ஆறாம் வகுப்பு கேட்டவர்கள்

பொழிச்சலூரில் பாடம் நடக்கும்போது வானமும் குறுக்கே பேசும். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் எங்கள் பள்ளிக்கூடக் கூரையை உரசிவிடுவதுபோலத் தாழ்ந்து வரும். ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்தபடியே நிறுத்திக்கொள்வார். சாக்பீஸ் கரும்பலகையில் அப்படியே நிற்கும். சத்தம் தேய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். "கங்கை நதி" என்று ஆரம்பித்து, ஒரு விமானம் போன பிறகு, "இமயமலையில்" என்பார். இன்றைக்கும் கங்கைக்கும் இமயத்துக்கும் நடுவில் எனக்கு ஒரு இரைச்சல் கேட்கிறது.

ஓலைக் கொட்டகை அது. ஒரே நீளமாக, நடுவில் தடுப்பு இல்லாமல், ஐந்து வகுப்புகள். ஒன்றாம் வகுப்பு 'அ, அணில்' என்று படிப்பது ஐந்தாம் வகுப்பில் கேட்கும். ஐந்தாம் வகுப்பின் பின்னக் கணக்கை ஒன்றாம் வகுப்பு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் கிழக்கு மூலை ஒழுகும். இரண்டாம் வகுப்பு எழுந்து மூன்றாம் வகுப்பின் மடியில் போய் உட்காரும். தரை மண்தரை. வெள்ளிக்கிழமைகளில் நாங்களே சாணி கரைத்து மெழுகுவோம். அந்த ஈரத்தின் வாசனையும், பம்மல் பக்கத்திலிருந்து காற்றில் வருகிற தோல் பதனிடும் தொட்டி வாடையும், மதிய உணவுக் கோதுமை ரவையின் ஆவியும் சேர்ந்த ஒன்றுதான் எனக்குப் படிப்பின் வாசனை. வேறெங்கும் அது கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. அதுதான் அந்தப் பள்ளியின் கடைசி வகுப்பு.

பையன்கள் ஐந்து முடித்துவிட்டு, பல்லாவரத்துக்கு நடப்பார்கள். பம்மலைத் தாண்டி, தோல் கிடங்குகளைத் தாண்டி, ரயில்வே கேட்டில் நின்று, தண்டவாளம் கடந்து. பெண்கள் ஐந்து முடித்துவிட்டு வீட்டில் உட்காருவார்கள். யாரும் சட்டம் போட்டதில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் துவைகல் இருப்பதுபோல அது இருந்தது. தோல் தொட்டியில் வேலை பார்த்த என் அப்பா ஒரு தடவைதான் சொன்னார், சாப்பிட்டுக்கொண்டே.

"அவ்ளோ தூரம் லாரி போற ரோட்ல, ரயில் லைன் தாண்டி, பொட்டப் புள்ளய என்னால அனுப்ப முடியாது. இங்க இருக்கிற வரைக்கும் படிக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

என் அத்தை அஸ்தினாபுரத்தில் இருந்தாள். தண்டவாளத்துக்குக் கிழக்கே, குரோம்பேட்டையிலிருந்து உள்ளே போகவேண்டும். ஒரு விடுமுறைக்கு முந்தின நாள் அங்கே போனபோது, அத்தை மகளை அழைத்துவர அம்மாவும் நானும் அவள் பள்ளிக்குப் போனோம். மாடிக் கட்டடம். வகுப்புக்கு ஒரு அறை. அறைக்கு ஒரு கதவு. அம்மா ஒரு கதவைத் தொட்டு, மூடித் திறந்து பார்த்தாள். திரும்பி வரும்போது அத்தையிடம் கேட்டாள்:

"இதுவும் கவர்மெண்டு பள்ளிக்கூடந்தானே அண்ணி?"

"பின்ன? காசு குடுத்தா படிக்க வைக்கிறோம்?"

"நாங்களும் வரி கட்றோமே. தண்டவாளத்துக்கு அந்தாண்ட பொறந்தா ஓலைக் கொட்டான்னு ரசீதுல எங்கியும் எழுதலியே."

அத்தை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்கு ரயிலில் அட்டை டிக்கெட்டைக் கையில் மடக்கி மடக்கி, பல்லாவரம் வருவதற்குள் அதை இரண்டாக்கிவிட்டாள்.

அந்த வாரமே நான்கு தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு தாம்பரம் போனாள். ஐந்தாம் வகுப்பில் என்னோடு படித்த நான்கு பெண்களின் அம்மாக்கள். இரண்டு பேர் எங்கள் கிறிஸ்தவக் கோயில் சபை, இரண்டு பேர் அம்மன் கோயில் தெரு. நானும் கூடவே போனேன், கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்ட. கல்வி அலுவலகத்துக்கு வெளியே புளியமரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். "கண்ணீரும் கம்பலையுமாக வாடும் அபலைகளாகிய நாங்கள்" என்று ஆரம்பித்தார்.

"அழுவுற மாதிரி வேணாங்க," என்றாள் அம்மா. "கேக்குற மாதிரி எழுதுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புதுத்தாள் எடுத்தார். கூரை, தரை, ஆறாம் வகுப்பு, அதற்கு ஒரு அறை, ஒரு வாத்தியார். ஐந்து கையெழுத்து. அதில் இரண்டு பெருவிரல்.

தை மாதம் பதில் வந்தது. டிப்டி இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பள்ளிக்கூடத்தைப் பார்வையிடுவார்.

இங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். எங்களைத் தவிர வேறு யாரும் அதை அவ்வளவு ஆசையாகச் செய்திருக்க முடியாது.

எங்கள் சபைக்கு ஒரு பெரிய மனிதரை வரவேற்க ஒரே ஒரு விதம்தான் தெரியும். பிஷப் ஐயா வருவார், சில வருடங்களுக்கு ஒரு முறை. சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்கு வாழைமரம், வழியெல்லாம் ஆற்று மணல், கையில் எலுமிச்சம்பழம், கழுத்தில் சாமந்தி மாலை, பிள்ளைகளின் பாட்டு. டிப்டிக்கும் அதுவே நடந்தது. அம்மன் கோயில் தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தோரணம் அவர்களுடையது. வீடு கட்ட வாங்கி வைத்திருந்த புது ஓலையை ஒருவர் கொடுக்க, கிழக்கு மூலை ஒரே பகலில் மூடப்பட்டது. கோயிலிலிருந்து பதினான்கு பெஞ்சுகள் தலைமேல் வந்தன. ஞாயிறு பள்ளியின் கரும்பலகை வந்தது. யார் வீட்டிலிருந்தோ ஒரு சுவர்க்கடிகாரம் வந்தது. அது ஓடாது, ஆனால் பார்க்க அழகாக இருந்தது. டீக்கடை அண்ணன் பன்னீர் சோடாவை ஐஸில் புதைத்துவைத்தார்.

அந்த மூன்று நாட்களைப் போல ஊர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. சுண்ணாம்பு தெறித்த முகங்களோடு எல்லோரும் எல்லோரையும் கேலி செய்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டிருந்த சுகம் என் தொடைக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டிப்டி வந்தார். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. எலுமிச்சம்பழத்தை வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார்.

"எத்தனை பெஞ்ச்?"

"பதினாலு சார்," என்றார் ஹெட்மாஸ்டர். அந்த நிமிஷத்தில் அது உண்மை.

விசிட் புத்தகத்தில் மகிழ்ச்சி என்று எழுதிவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர் அதை வாசித்துக் காட்டினார். கைதட்டினோம். மறுநாள் சனிக்கிழமை, பெஞ்சுகள் கோயிலுக்குத் திரும்பிப் போயின, ஆராதனைக்கு வேண்டுமே. திங்கட்கிழமை மீண்டும் தரையில் உட்கார்ந்தோம்.

சித்திரையில் கடிதம் வந்தது. கட்டடமும் தளவாடங்களும் திருப்திகரமாக இருக்கின்றன; ஊர்மக்களே பள்ளியைச் சிறப்பாகப் பேணிவருகிறார்கள்; எனவே தேவை மிகுந்த பிற பள்ளிகளுக்கே முன்னுரிமை.

ஹெட்மாஸ்டர் அதை இரண்டு தடவை வாசித்தார். அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு மாதிரி சீவிச் சிங்காரிச்சி காட்டிட்டோம். இப்ப நோவுன்னா எவன் நம்புவான்?"

முழுப்பரீட்சை முடிந்திருந்தது. நான்தான் முதல் மார்க். இன்னும் சில நாட்களில் 'பாஸ்' என்று படிப்பார்கள்; அத்தோடு என் படிப்பு முடியும். கொட்டகை வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தபோது, உள்ளே அம்மா ஹெட்மாஸ்டரிடம் சொல்வது கேட்டது.

"சார், இவளுக்கு ஃபெயில் போடுங்க."

"என்னம்மா பேசறே? கிளாஸ்லயே அவதான் ஃபர்ஸ்ட்."

"அதான் சொல்றேன். பாஸானா வூட்டுக்குப் போயிடுவா. ஃபெயிலானா இங்க இருப்பா. இவ மட்டும் இல்ல, அஞ்சு பேருக்கும் போடுங்க. அவங்க அம்மாங்க கிட்டப் பேசிட்டேன். அஞ்சு பேரும் போயிட்டா ஆறாவது யாருக்குன்னு நாள பின்ன கேப்பாங்களே, யாரைக் காட்டறது?"

"தப்பும்மா. பொய்க் கணக்கு. என் மனசாட்சி ஒத்துக்காது."

"பதினாலு பெஞ்சின்னு சொன்னப்ப அது எங்க போயிருந்துச்சி சார்?"

அன்றைக்குப் பார்த்து ஒரு விமானமும் வரவில்லை.

ஃபெயில் போட்டார். பிள்ளைகளுக்கு நடுவில் நின்று பெயர் வாசித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. பையன்கள் மொத்தப் பேரும் பாஸ்.

"இன்னாடி, ஃபர்ஸ்ட் மார்க்கு ஃபெயிலா? மார்க்கு ஜாஸ்தியாயி வழிஞ்சிடிச்சா?" என்றான் ஒருவன். அவனுக்கு நான்தான் பின்னக் கணக்கு போட்டுக்கொடுத்தவள்.

காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவமானம் குறையவில்லை. அம்மா தலைவார வந்தால் சீப்பைப் பிடுங்கி நானே வாரிக்கொண்டேன். அப்பாவுக்குக் காரணம் தெரியாது. அம்மா சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. அவர் நிஜமாகவே நான் தோற்றுவிட்டதாக நம்பினார்.

"படிப்பு வரலன்னா வுட்டுடலாமே," என்றார் என்னைப் பார்க்காமல். "எதுக்கு ரெண்டு வருஷம்?"

"ஒரு வருஷம் பாக்கலாம்," என்றாள் அம்மா.

அவர் சரியென்று தலையசைத்தபோது, அந்த முகத்தில் இருந்த ஏமாற்றத்தை ஒரே வார்த்தையில் நான் துடைத்திருக்கலாம். வாயை இறுக்கிக்கொண்டேன். பத்து வயதில் அது பெரிய வேலை.

ஆனியில் மறுபடியும் ஐந்தாம் வகுப்பு. நாங்கள் ஐந்து பேரும் கடைசி வரிசை, மற்றவர்களைவிட ஒரு சாண் உயரம். அதே கங்கை, அதே இமயம்.

அம்மாக்கள் மறுபடி தாம்பரம் போனார்கள். இந்தத் தடவை மனுவை விட்டுவிட்டு டிப்டியையே பார்த்தார்கள். விடுமுறை நாளில்லை, ஆனாலும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். மேஜைக்கு முன்னால் ஐந்து சேலைகள் வரிசையாக நின்றன. அவருக்கு எங்கள் ஊர் ஞாபகம் இருந்தது. சந்தோஷமாக ஞாபகம் இருந்தது.

"நான் பார்த்தேனே அம்மா? ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்களே. பெஞ்செல்லாம்கூட..."

"அது எங்க கோயில் பெஞ்சிங்க ஐயா."

"கூரை?"

"அது ஊர்ல ஒருத்தரு வூடு கட்ட வச்சிருந்த ஓலைங்க."

"கடிகாரம்?"

"அது ஓடாதுங்க ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சிவந்தது. "அப்போ எனக்குப் பொய் காட்டினீங்களா?"

"மரியாதை காட்டுனோங்க ஐயா," என்றாள் அம்மா. "அது பொய்யாப் போச்சி."

பக்கத்து மேஜை குமாஸ்தா சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். டிப்டி பேனா மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடினார்.

"சரி. மழை முடியட்டும். மறுபடி வரேன்."

"மழையில வாங்க ஐயா."

ஐப்பசி. மூன்று நாட்களாக விட்டு விட்டு மழை. அடையாற்றுப் பக்கம் தண்ணீர் மண்ணிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. புது ஓலையை அதன் சொந்தக்காரர் எப்போதோ எடுத்துப் போயிருந்தார். கிழக்கு மூலையில் இரண்டாம் வகுப்பு இல்லை, குளம்தான் இருந்தது. காலை பதினோரு மணி இருக்கும். டீக்கடை அண்ணன் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"அக்கா, டிப்டி வந்துகினு கீறாரு! பஸ்ஸ வுட்டு எறங்கி சேத்துல நடந்துகினு கீறாரு, ஒத்தக் குடை!"

ஊர் துள்ளி எழுந்தது. பழக்கம், வேறென்ன. ஒருத்தி துடைப்பத்தோடு ஓடிவந்தாள். ஒருத்தி வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. இன்னொருத்தி சாக்கு விரிக்க. அம்மா கொட்டகை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"வைடி தொடப்பத்த கீழ. நீ நாற்காலிய எடுத்துக்கினு போ."

"ஏன்டி, பெரிய மனுசன் எங்க உக்காருவாரு?"

"எம் புள்ள உக்கார்ற எடத்துல உக்காரட்டும்."

டீக்கடை அண்ணனுக்குத் தாங்கவில்லை. "நனைஞ்சிகினு வர்றாருக்கா. ஒரு டீ கூடவா வேணாம்? ஊரு மானம் போவுது."

"போவட்டும். போனாத்தான் ரூம் வரும்."

சொல்லிவிட்டாள். ஆனால் தபால்காரரைக்கூட மோர் தராமல் அனுப்பாதவள் அவள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சேலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். உள்ளே வந்த டிப்டியை யாரும் வரவேற்கவில்லை. மாலையில்லை, பாட்டில்லை. அறுபது பிள்ளைகள் ஒழுகாத பாதியில் ஒருவர் முதுகை ஒருவர் முட்டி உட்கார்ந்திருந்தோம். அவர் குடையை மடக்கப் போனார், மேலே பார்த்தார், மறுபடி விரித்துக்கொண்டார். கூரைக்குள் குடை பிடித்து நின்ற ஒரு அதிகாரியை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசி வரிசையில் நாங்கள் நீட்டிக்கொண்டு தெரிந்தோம்.

"இவங்க ஏன் இவ்வளவு பெரிசா இருக்காங்க?"

"ஃபெயில் சார்," என்றார் ஹெட்மாஸ்டர், தண்ணீரைப் பார்த்தபடி.

"அஞ்சு பேருமா? அஞ்சும் பெண்களா?" என்னைக் கைகாட்டினார். "நீ எழுந்திரு. முக்காலையும் அரையையும் கூட்டினா?"

"ஒன்றே கால் சார்."

"முக்காலிலே பாதி?"

"எட்டில் மூன்று."

அடுத்தவளைக் கேட்டார். அவள் நதிகளை வடக்கிலிருந்து தெற்காக மூச்சுவிடாமல் இறக்கினாள். இரண்டாம் வருஷம் அல்லவா. அடுத்தவள் திருக்குறளில் ஒரு அதிகாரமே சொன்னாள். பாதியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது எந்த ஊர் ஃபெயில்?" என்றார் ஹெட்மாஸ்டரிடம், மெதுவாக.

ஹெட்மாஸ்டர் மறுபடி தண்ணீரைப் பார்த்தார். அவர் வேலை போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன், உட்காரச் சொல்லவில்லையே.

"பாஸ் பண்ணா வூட்ல உக்கார வச்சிடுவாங்க சார்," என்றேன். "இங்க ஆறாவது இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனியவில்லை. விசிட் புத்தகத்தை வாங்கினார். எழுத எங்கும் காய்ந்த இடமில்லை. அம்மா வந்து அவர் குடையை வாங்கிப் புத்தகத்துக்கு மேலே பிடித்தாள். மை ஊறும் என்று பென்சிலால் எழுதினார். நின்றுகொண்டே, நெடுநேரம். ஃபெயிலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை என்று பிறகு ஹெட்மாஸ்டர் சொன்னார்.

போகும்போது, "ஒரு வாய் தண்ணி கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். அம்மா பள்ளிப் பானையிலிருந்து, பிள்ளைகள் குடிக்கிற நசுங்கிய அலுமினியக் குவளையில் கொடுத்தாள். குடித்தார். அன்று அம்மா சாப்பிடவில்லை. "நனைஞ்சி வந்த மனுசனுக்கு ஒரு டீ குடுக்கலியே" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதை தோல் தொட்டிக்கும் போய்விட்டது. அப்பா சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அப்ப எம் பொண்ணு ஃபெயில் இல்லியா?"

"இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்கினு இருப்பியா?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர். "மாட்டேன்," என்றார். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முக்காலில் பாதி எப்படி எட்டில் மூன்று ஆகும் என்று கேட்டார். ஒரு அப்பளத்தை உடைத்துக் காட்டினேன். துண்டுகளைத் தின்றுகொண்டே, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அடுத்த ஆனியில் ஆறாம் வகுப்பு வந்தது. செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, ஒரு அறை, ஒரு வாத்தியார். பெஞ்ச் கிடையாது, அது ஊர்ப் பங்கு என்று உத்தரவில் இருந்தது. அம்மா அதற்கும் ஒரு பாட்டம் திட்டினாள். ஆனால் கதவு இருந்தது. முதல் நாள் நாங்கள் ஐந்து பேரும் அதை மாறி மாறி மூடித் திறந்தோம். கதவு மூடியிருந்தால் ஒன்றாம் வகுப்பின் 'அணில்' கேட்கவில்லை. கொஞ்ச நேரம் எனக்கு அது இல்லாமல் என்னவோபோல இருந்தது.

எனக்கு இப்போது வயது எழுபதை நெருங்குகிறது. என் சான்றிதழ்களில் எல்லாம் ஒரு வருடம் அதிகம். நேர்முகத் தேர்வில் ஒருவர் கேட்டிருக்கிறார், ஐந்தாம் வகுப்பில் என்ன கஷ்டம் என்று. கஷ்டமில்லை சார், இடமில்லை என்றேன். புரியாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வேலை கிடைத்தது.

ஆறாவதில் நான் சந்தோஷமாக இருந்த காலம் தை மாதம் வரைக்கும்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்திரையில் பாஸாகிவிடுவேனே, இங்கே ஏழாவது இல்லையே.

"ஏழாவதுக்கும் ஃபெயில் போடச் சொல்லுவியா?" என்று அம்மாவைக் கேட்டேன். தலைவாரிக்கொண்டிருந்தாள். அதற்குள் சீப்பு அவள் கைக்குத் திரும்பியிருந்தது.

"சேச்சே. இந்தத் தடவை முன்னாடியே போயிடலாம்."

போனோம். அப்பாவும் அரைநாள் லீவு போட்டு வந்தார், கையெழுத்தைத் தானே போட வேண்டும் என்று. டிப்டி மாற்றலாகிவிட்டிருந்தார். பழைய குமாஸ்தா மட்டும் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"மறுபடியுமா? இப்பத்தானேம்மா ஆறாவது குடுத்தாங்க?"

"இன்னா சார் செய்யிறது," என்றாள் அம்மா, மனுவை மேஜைமேல் வைத்து நீவிவிட்டபடி. "புள்ளைங்க அப்டியே நிக்க மாட்டேங்குதுங்களே. வளந்துகினே போவுதுங்க."